முழங்கால் வலி: உட்கார்ந்துவிடாமல் மீள்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டி வலிக்கிறது என்றதும் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்ச நாளைக்கு நடக்காம உக்காருங்க." அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் வயதோடு வரும் முழங்கால் வலிக்கு இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை. உட்கார உட்காரத் தொடைத் தசை இளைக்கிறது. தசை இளைத்தால் உடம்பின் பாரம் மூட்டின்மேல் நேராக இறங்குகிறது. வலி கூடுகிறது, கூடக் கூட இன்னும் உட்காரத் தோன்றுகிறது. 45 வயதில் லேசாகத் தொடங்கிய வலி 60 வயதில் ஒருவரைக் கட்டிலோடு முடக்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

பிசியோதெரபி அறைக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் எக்ஸ்-ரே உறையோடும், "எலும்பு தேஞ்சுபோச்சு, இனி ஆபரேஷன்தான்" என்ற முடிவோடும் வருகிறார்கள். வலி எதனால் என்ற தெளிவு, தொடைக்கு வலு, மூன்று மாதப் பொறுமை: முதலில் வேண்டியவை இவைதான். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

படி 1: வலிக்கும் இடத்தில் ஒற்றை விரலை வையுங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். எங்கே வலி என்று முட்டி முழுவதையும் தடவிக் காட்டாமல் ஒரே விரலால் தொட்டுக் காட்டப் பாருங்கள்.

மேலே தொடை எலும்பு, கீழே கணுக்கால்வரை போகும் முன்கால் எலும்பு, முன்னால் மூடிபோல் சில்லு. இவை மூன்றும் சேரும் இடம் முழங்கால். எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு தகடுகள். மூட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ள நான்கு லிகமென்ட்கள். நம் ஊரில் "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று சொல்லும்போது பிறைத் தகட்டையும் சொல்கிறோம், லிகமென்டையும் சொல்கிறோம். எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது; இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

விரல் சில்லைச் சுற்றி நின்றால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான பகுதியில் சிக்கல் இருக்கலாம். இந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. "ஏறுறதுகூட ஏறிடுறேன் தம்பி, எறங்கும்போதுதான் உசுரு போகுது" என்று வயதான அம்மாக்கள் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முழங்கால்மேல் இறங்கும் பாரம் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல். அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டே தொடையின் முன்தசை மெல்ல நீள வேண்டும். வலுவில்லாத தசைக்கு அது முடிவதில்லை.

மூட்டின் உட்பக்கத்தில், இன்னொரு காலைப் பார்த்த பக்கத்தில் வலித்தால், 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூட்டுத் தேய்மானமே முதல் சந்தேகம். அங்கிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, எலும்பின்மேல் தொட்டாலே வலித்தால் அது மூட்டே அல்ல. அங்கே வந்து ஒட்டும் தசைநாண்களுக்கு அடியிலுள்ள சிறு நீர்ப்பை வீங்கியிருக்கலாம். சர்க்கரை நோயுள்ள பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். பின்பக்கம் உருண்டையாகத் தடித்திருந்தால், மூட்டில் சுரந்த அதிகப்படி நீர் பின்னால் பையாகத் தேங்கியிருக்கலாம். வளரும் வயதில் விளையாடும் பிள்ளைகளுக்குச் சில்லுக்குக் கீழே மேடு தட்டி வலிக்கும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

விரல் ஓரிடத்திலும் நிற்கவில்லையா? இடுப்பையும் பாருங்கள். இடுப்பு மூட்டின் கோளாறு முழங்கால் வலியாகத் தெரிவது உண்டு. ஒரு பிள்ளை முட்டி வலிக்கிறது என்று நொண்டினால், முட்டியில் ஒன்றும் காணவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

படி 2: காத்திருக்கக் கூடாத வலியைத் தெரிந்துகொள்ளுங்கள்

முட்டி திடீரென்று வீங்கி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். இந்த நிலையில் எண்ணெய் தேய்ப்பதும் நீவிவிடுவதும் ஆபத்து.

விழுந்தோ அடிபட்டோ வலித்தால் எலும்பு முறிவைச் சந்தேகிக்கச் சில எளிய அடையாளங்கள் உண்டு. நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாமை, முட்டியைச் செங்கோணம்வரை மடக்க முடியாமை, சில்லின்மேல் மட்டும் தொட்டால் கடும் வலி, முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்து எலும்பு மேட்டில் வலி, வயது 55 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும்.

முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே வராமல் போனால், கிழிந்த பிறைத் தகடு நடுவில் சிக்கியிருக்கலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் முட்டி வலி வாரக்கணக்கில் நீடித்தால் "வளர்ற வலி" என்று தள்ளிப்போடாதீர்கள். எலும்புப் புற்றுநோய் அரிதுதான். ஆனால் அந்த வயதில் அது அதிகம் வருவது முட்டியை ஒட்டிய எலும்பில்.

அவசரம் இல்லாவிட்டாலும் வேறு வைத்தியம் கேட்கும் வலிகளும் உண்டு. காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருப்பது அரை மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால் அது தேய்மானத்தின் குணம். ஒரு மணி நேரமாகியும் விடவில்லை, கை விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். மூட்டுவாத மருத்துவரைச் சீக்கிரம் பார்த்தால் மூட்டுகளைக் காப்பாற்ற முடியும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி தங்குவதும் உண்டு. 2006-இல் அது தமிழகத்தில் பரவியபோது ஊர் ஊராக இதைப் பார்த்தோம்.

படி 3: எக்ஸ்-ரேயைப் பார்த்து மனம் உடையாதீர்கள்

"கிரேடு 3" என்று ஒரு தாளில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நடையையே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். 0 முதல் 4 வரையிலான அந்த வரிசையை 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தார்கள். அது எக்ஸ்-ரே படத்தைத்தான் தரம் பிரிக்கிறது, வலியை அல்ல. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலிப்பது அதன் அடியிலுள்ள எலும்பும், மூட்டின் உள்ளுறையும், சுற்றியுள்ள தசைகளும். அதனால்தான் கிரேடு 4 உள்ள ஒருவர் சந்தைக்கு நடந்துபோய் வருகிறார், கிரேடு 2 உள்ள இன்னொருவர் வாசலுக்குப் போகவே தயங்குகிறார்.

எம்.ஆர்.ஐ. விஷயமும் இப்படித்தான். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பிறைத் தகடு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இல்லை. ஆக, உங்கள் படத்தில் கிழிசல் தெரிந்தாலும் உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

வயது 45-ஐத் தாண்டி, நடந்தால் வேலை செய்தால் வலித்து, காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் தேய்மானம் என்று சொல்ல நல்ல மருத்துவருக்கு எக்ஸ்-ரேகூடத் தேவையில்லை. எடுப்பதாக இருந்தால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்த படத்தில் எலும்புகளுக்கு இடையிலான உண்மையான இடைவெளி தெரியாது.

படி 4: முதல் இரண்டு வாரம் வலியை அடக்குங்கள்

இங்கே நோக்கம் ஒன்றே: அடுத்த படியில் வரும் பயிற்சியைச் செய்யும் அளவுக்கு வலியைக் குறைப்பது.

முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். வீக்கமில்லாமல் இறுக்கம் மட்டும் இருந்தால் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் கால் மதமதத்துப் போனவர்கள் இரண்டையும் மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். தோல் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது, புண்ணாகிவிடும்.

மருந்தில் முதலில் முயல வேண்டியது டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணி ஜெல். முழங்கால் தோலுக்குக் கிட்டத்திலேயே இருப்பதால் மேலே தடவும் மருந்து அங்கே ஓரளவு வேலை செய்யும். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் அளவு மிகக் குறைவு. மாத்திரை வேண்டுமானால் மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, குடற்புண், இதய நோய் இருக்கிறவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்துக் கடையில் "முட்டி வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பேரில்லாத காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு மாத்திரைகள். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். மறுநாளே வலி பறந்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப வாங்கத் தோன்றுகிறது. சர்க்கரை ஏறுவதும், எலும்பு மெலிவதும், சிறுநீரகம் கெடுவதும் பிறகுதான் தெரியவரும்.

கைத்தடி பிடிக்க வெட்கப்படாதீர்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பவர்கள்தான் அதிகம். அப்படிப் பிடித்தால் பாரம் குறையாது. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடியும் இடத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். படி ஏறும்போதும் பேருந்தில் ஏறும்போதும் நல்ல கால் முன்னால். இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முன்னால்.

படி 5: தொடையைக் கட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மூட்டு தேய்ந்துவிட்டது, இன்னும் அசைத்தால் இன்னும் தேயும் என்ற பயம் இயல்பானது. ஆனால் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. தண்ணீரில் அமுக்கி விட்ட பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, பாரம் ஏறி இறங்கும்போதுதான் அது மூட்டு நீரிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. அளவான அசைவு அதற்குச் சாப்பாடு. முட்டியில் கடக் கடக் என்று சத்தம் மட்டும் கேட்டால், வலியோ வீக்கமோ இல்லாதவரை பயப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு வலிக்கலாம்? வலியில்லாத நிலைக்கு 0, தாங்கவே முடியாததற்கு 10 என்று மனதுக்குள் மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 5 வரை போகலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் நீங்கள் செய்த அளவு சரி. திரும்பவில்லை, முட்டி வீங்கியும் விட்டது என்றால் அளவைப் பாதியாக்குங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

முதல் பயிற்சி கட்டிலிலேயே. காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை உருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே அழுத்துங்கள். பாதத்தின் விரல்கள் உங்களைப் பார்த்து வரட்டும். இப்போது உள்ளங்கையைச் சில்லுக்கு நான்கு விரற்கடை மேலே வைத்துப் பாருங்கள். தசை இறுகிக் கல்லாக நிற்க வேண்டும். பல மாதம் நடக்காமல் இருந்தவர்களுக்கு முதல் நாள் அங்கே ஒன்றுமே இறுகாது, தொளதொளவென்று கிடக்கும். மனம் தளர வேண்டாம். நல்ல காலின் தொடையில் ஒரு கையும் வலிக்கும் காலின் தொடையில் ஒரு கையும் வைத்து இரண்டு முட்டிகளையும் சேர்த்து அழுத்தினால், நல்ல காலைப் பார்த்து இதுவும் பழகிக்கொள்ளும். 5 விநாடி அழுத்தி விடுங்கள். 10 முறை. காலையும் மாலையும்.

இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்ற காலை முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்குவது. 5 விநாடி நிறுத்தி மெல்ல இறக்குங்கள். தூக்குவதைவிட மெல்ல இறக்குவதில்தான் பலன். மூன்றாவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது. இது இடுப்பின் பக்கத் தசைக்கு. அந்தத் தசை தளர்ந்தால் நடக்கும்போது முட்டி உள்பக்கம் சரியும். முட்டி வலிக்கு இடுப்புக்கு ஏன் பயிற்சி என்று கேட்காதவர்கள் குறைவு. அதனாலேயே இதை விட்டுவிடுகிறவர்களும் அதிகம். விடாதீர்கள்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து நாற்காலிக்கு வாருங்கள். கைப்பிடி உள்ள, சறுக்காத நாற்காலி. சுவரை ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து நின்று, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக உட்காருங்கள். கடினமாக இருந்தால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்; கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பழகப் பழகக் கையை எடுங்கள், பிறகு தலையணையை எடுங்கள். எழும்போதும் உட்காரும்போதும் முட்டி உங்கள் கால் இரண்டாவது விரலின் நேர்கோட்டில் இருக்க வேண்டும், உள்ளே சரியக் கூடாது. இந்த ஒரு பயிற்சியை 10 முறை வீதம் மூன்று தடவை செய்ய முடிந்துவிட்டால் உங்கள் வாழ்க்கையில் பல விஷயங்கள் திரும்பி வந்துவிடும்: பேருந்து இருக்கையிலிருந்து எழுவது, கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுவது, கழிவறையிலிருந்து யாரையும் கூப்பிடாமல் எழுவது.

அதற்குப் பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குதல். வலுவேற்றும் பயிற்சிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தசைக்கு ஓய்வு வேண்டும். நடையைத் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள்.

தொடங்கும் நாளில் ஒரு சோதனை செய்து நாட்காட்டியில் எழுதிவையுங்கள். 30 விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது? மாதம் ஒருமுறை அதே நாற்காலியில் திரும்பச் செய்யுங்கள். வலி நாளுக்கு நாள் மாறும், மனமும் அதோடு ஏறி இறங்கும். எண்ணிக்கைதான் உண்மையான நிலவரத்தைச் சொல்லும். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். சரியான முடிவுக்கு வர மூன்று மாதம் வேண்டும். வலி முழுதாகப் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. வலியை மீறி வாழ்க்கை நடக்கும் நிலை பலருக்கும் கிடைக்கிறது.

டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டம் இந்த முறையையே அடிப்படையாகக் கொண்டது. நோயாளிக்கு முதலில் தன் மூட்டைப் பற்றிப் பாடம், பிறகு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் 12 பயிற்சி வகுப்புகள். அது இன்று பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. நம் ஊரில் காசு செலவழிக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வரும் சேவைகளில் பிசியோதெரபியும் ஒன்று. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

படி 6: எடையில் ஒரு கிலோ, முட்டியில் நான்கு

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் இறங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளில் 5,000 அடி நடக்கிறவரின் ஒவ்வொரு முட்டிக்கும் 2,500 அடி. கணக்குப் போட்டால் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 டன். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒன்றரை ஆண்டு நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு பயிற்சியும் செய்து எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களுக்கு வலி ஏறத்தாழப் பாதியானது.

ஆனால் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் தசையும் சேர்ந்து போய்விடும். தசைக்கு வேண்டிய புரதம் போதாமல் போவது நம் வீட்டுப் பெண்களிடம் பெரிய குறை. பருப்பும் காயும் முட்டையும் எல்லோர் தட்டுக்கும் போன பிறகு, மிஞ்சிய சோற்றை ரசத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு முழங்கால் தேய்மானம் அதிகம் தாக்குவதும் அவர்களைத்தான். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், பருப்பு, மீன், முட்டை, தயிர் வையுங்கள். தொடைக்குப் பயிற்சி கொடுத்தால் போதாது, தசை வளரப் புரதமும் வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: வீட்டையும் வழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்

குந்தி உட்காரும் கழிவறைதான் முதலில் மாற வேண்டியது. வெஸ்டர்ன் டாய்லெட் கட்ட வசதியில்லை என்றால், நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை இந்தியக் கழிவறையின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. வயதானவர்கள் இதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் கேட்காமலே செய்து கொடுக்க வேண்டும்.

அரிவாள்மனையைத் தரையிலிருந்து மேசைக்கு, கத்தியும் பலகையுமாக மாற்றுங்கள். கோலத்தைக் குந்தி உட்கார்ந்து போடாமல் சிறிய முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள். சம்மணம் போட்டு உட்காரவே கூடாது என்று எல்லோருக்கும் தடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வலியில்லாமல் உட்கார்ந்து எழ முடிகிறவர்கள் உட்காரலாம். அந்த அசைவை இழக்காமல் வைத்திருப்பது நல்லதே. வலிக்கிற காலத்தில் மட்டும் தள்ளிவையுங்கள்.

கோயில் பயணத்தையும் கைவிட வேண்டியதில்லை. பழனியில் விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். மாதம் முழுதும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் பௌர்ணமியன்று மட்டும் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தால் எந்த முட்டியும் வீங்கத்தான் செய்யும். இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே நடையைப் படிப்படியாகக் கூட்டி, ஒரே மூச்சில் 8, 9 கிலோமீட்டர் நடக்கப் பழகிக்கொண்டு போங்கள்.

எண்ணெய், கிழங்கு, ஊசி: எதை நம்பலாம்?

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப், ஆட்டுக்கால் சூப். எல்லாம் நல்ல சாப்பாடு. தாராளமாகச் சாப்பிடுங்கள். தேய்ந்த குருத்தெலும்பை இவை எதுவும் வளர்த்துத் தராது. ஆட்டுக்காலில் உள்ள கொலாஜன் வயிற்றில் செரித்துவிடும், நேராக முட்டிக்குப் போய்ச் சேராது. எண்ணெய் தேய்ப்பது இதம் தரும், அவ்வளவுதான். சீட்டோ முகவரியோ இல்லாமல் விற்கும் "மூட்டு வலிப் பொடி"களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அதைச் சாப்பிட்டு முகம் உப்பினாலோ சர்க்கரை ஏறினாலோ, உடனே மருத்துவரிடம் போங்கள். பல மாதம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

குளுக்கோசமைன் மாத்திரை, முட்டிக்குள் போடும் ஹையலுரானிக் ஜெல் ஊசி இரண்டையும் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்கிறது பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டி. சொந்த இரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியை ஆஸ்திரேலியாவில் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். 2021-இல் வெளியான அந்த ஆய்வில் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு உண்மையாகவே வலியைக் குறைக்கும். பயிற்சி தொடங்க முடியாத அளவு வலி இருப்பவர்களுக்கு அந்த இடைவெளி உதவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த ஆய்வில் (2017) குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது, வலியும் கூடுதலாகக் குறையவில்லை.

சின்னத் துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி பற்றியும் சொல்ல வேண்டும். 2002-இல் ஹூஸ்டனில் ஒரு குழுவினருக்கு உண்மையான சிகிச்சையும், இன்னொரு குழுவினருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்ட போலிச் சிகிச்சையும் செய்தார்கள். இரு குழுவினரின் வலியும் ஒரே மாதிரிதான் இருந்தது. வயதானவர்களின் தேய்மானத்துக்கு மட்டும் இந்தச் சிகிச்சையைச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

மூட்டு மாற்று அறுவை எப்போது?

2000 அக்டோபரில் அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் வலதும். இந்த அறுவை நாடெங்கும் பேச்சானது அப்போதுதான். நல்ல அறுவைதான். தேசிய அளவிலான பதிவேடுகளை ஆராய்ந்த 2019 ஆய்வுப்படி, மாற்றிய முழு முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. அதே நேரம், செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் எதிர்பார்த்த நிம்மதி கிடைக்கவில்லை என்கிறார்.

முடிவை எக்ஸ்-ரே எடுக்கக் கூடாது, உங்கள் வாழ்க்கை எடுக்க வேண்டும். மூன்று மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தும், எடையைக் குறைத்தும், இரவில் வலியால் தூக்கம் போகிறதா? தெருமுனைவரை நடக்க முடியவில்லையா? குளிக்க, கழிவறை போக இன்னொருவர் கை வேண்டியிருக்கிறதா? அப்போது தள்ளிப்போடாதீர்கள். தசை முழுதும் இளைத்த பிறகு செய்தால் மீள்வது கடினம். வயது குறைவு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால், முழு மூட்டையும் மாற்றாமல் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றவோ, எலும்பை வெட்டிக் காலை நேராக்கவோ முடியுமா என்று கேளுங்கள்.

செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை 54,720 ரூபாய். அதனால் பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை அதில் வருமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் முதலிலேயே விசாரியுங்கள்.

தேதி குறித்த பிறகும் படி 5 பயிற்சிகளை நிறுத்தாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், சொத்தைப் பல் இருந்தால் பார்த்துவிடுங்கள். புது மூட்டில் கிருமி சேர்ந்தால் அது பெரிய துன்பம்.

இன்னும் வலி வராதவர்களுக்கு

உலக சுகாதார நிறுவனம் வாரம் குறைந்தது 150 நிமிட உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சியும் சொல்கிறது. நடைப்பயிற்சி செய்கிறவர்கள் பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நாள் முழுதும் கணினி முன் உட்காருகிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, அங்கேயே ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தாலும் நல்லது. ஓடினால் முட்டி தேயும் என்பதும் உண்மையில்லை. உடல் தகுதிக்காக அளவாக ஓடுகிறவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை.

கபடியும் வாலிபாலும் ஆடுகிற இளைஞர்களுக்கு ஆபத்து வேறு விதம். குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முட்டி உள்ளே மடங்கி, நடு லிகமென்ட் "டப்"பென்று அறுந்துவிடும். அப்படி அறுந்த முழங்காலில் பிற்காலத்தில் தேய்மானம் சீக்கிரம் வருகிறது. ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் தொடை, இடுப்புப் பயிற்சியும், மென்மையாக இறங்கும் பழக்கமும் இந்தக் காயத்தைக் குறைக்கும் என்று நிரூபணமாகியிருக்கிறது. ஊர்ப் பயிற்சியாளர்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அடிபட்டவர்கள் வலி போனதும் மைதானத்துக்கு ஓடாமல், அடிபட்ட காலின் வலு மற்ற காலுக்குச் சமமாகும்வரை பயிற்சியை முடியுங்கள்.

வலி திரும்பி வந்தால்

வரும். வீட்டில் விசேஷம் வந்து இரண்டு நாள் நின்றபடியே வேலை பார்த்திருப்பீர்கள், வெளியூர்ப் பயணம் போயிருப்பீர்கள், அல்லது காரணமே இல்லாமலும் வரும். பயிற்சி வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று நாள் நாற்காலிப் பயிற்சியையும் படியேறுவதையும் விட்டுவிட்டு, துண்டை அழுத்துவதை மட்டும் செய்யுங்கள். ஐஸ் ஒத்தடம், ஜெல், கைத்தடி. வீட்டுக்குள் நடமாடிக்கொண்டே இருங்கள். வீக்கம் வடிந்ததும் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கி, ஓரிரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். இரண்டு வாரமாகியும் அடங்கவில்லை, அல்லது இந்த முறை வலி வேறு மாதிரி இருக்கிறது என்றால் படி 2-ஐ ஒருமுறை பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.